கல் மிதக்கும் ஊர்

பேராசிரியர் குராமொச்சி செய்ஜிக்கு இரண்டு பிள்ளைகள். ஒருத்தி டோக்கியோவில் பல் டாக்டர். அவளோடு பேச்சுவார்த்தை நின்று போய் வெகு காலம் ஆயிற்று. இன்னொன்று 'குராமொச்சி முறை'. அதைப் பற்றி அவர் பேசாத நாளே கிடையாது.

மூச்சுக் கருவியோடு ஐ.சி.யூ.வில் நாள்கணக்காகக் கிடக்கிறவர்களுக்குப் புத்தி தடுமாறும். இருக்கிற ஊர் தெரியாது, நாள் தெரியாது. தொண்டைக்குள் போன குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள், ஊசி போட வந்த நர்ஸைச் செத்துப்போன மாமியார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படித் தடுமாறியவர்களில் சாகிறவர்களும் அதிகம். பிழைத்தாலும் பழைய ஆளாக வீடு திரும்புகிறவர்கள் குறைவு. உலகம் முழுக்க இதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். குராமொச்சி மருந்தைத் தேடவில்லை, காட்டைத் தேடினார்.

கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு பலகை பொருத்தினார். அது காலையில் விடியலைப் போல மெல்ல வெளுக்கும், சாயங்காலம் ஆரஞ்சாகிக் கறுக்கும். பலகைக்குள் ஒலிபெருக்கி. அதில் ஷின்ஷூ மலைக் காடு கேட்கும்: ஓடை, இலைகள், அப்புறம் குயில். ஒலிப்பதிவுக்கு ஆள் வைக்காமல் தானே மைக்கைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். ஓடைக்கும் குயிலுக்கும் நடுவே யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கும். அதுவும் அவர்தான்.

இந்த முறையை ஆறு ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்தார்கள். ஐந்து, டோக்கியோ இருக்கிற பெரிய தீவில் இருந்தன. ஆறாவது தெற்கே தள்ளியிருக்கும் ஒகினாவாத் தீவின் வடக்குக் கரையில், நாகோவுக்கு அந்தண்டை. அதன் ஐ.சி.யூ.வுக்குத் தலைவராக குராமொச்சியே வந்து உட்கார்ந்திருந்தார். முதல் கணக்கு வந்தபோது மற்ற ஐந்திலும் பலன் சுமாராகத் தெரிந்தது. அவர் கண்ணெதிரே இருந்த ஆறாவதில் மட்டும் பாதிப் பேருக்கு மேல் புத்தி தடுமாறிக் கிடந்தார்கள். டோக்கியோவில் அவருடைய எதிரிகள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள் என்று கேள்வி.

தலைமை நர்ஸ் யோனாமினேயைக் கூப்பிட்டார். அவள் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐம்பதைத் தாண்டியவள். கேலி பேசும்போது முகத்தில் ஒரு தசை அசையாது.

"சென்செய், முதல்ல அந்தக் குயிலை நிறுத்திடலாமா?" என்றாள். டாக்டரை அங்கே சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"குயிலையா? குயில் சத்தம் மனசுக்கு எவ்வளவு இதம் தெரியுமா?"

"இந்தப் பக்கம் குயில் கிடையாது சென்செய். எங்க ஜனங்க குயில் சத்தம் கேக்குற ஒரே இடம் நாகோ சிக்னல்தான். பச்சை விழுந்தா குக்கூ, குக்கூன்னு கூவும், ரோட்டைக் கடக்கலாம்னு அர்த்தம். மூணாம் கட்டில் பூக்கடை அம்மா நேத்து குயில் கூவினதும் ஒரு காலைக் கீழ வெச்சுட்டாங்க. என் பை எங்கேன்னு சைகையில கேக்குறாங்க."

குராமொச்சியின் முகம் மலர்ந்தது. "தானாவே எழுந்திருக்கிறாங்களா! எழுதி வெச்சீங்களா அதை? நோயாளி சீக்கிரம் நடக்க ஆசைப்படுறது ரொம்ப நல்ல அறிகுறி."

"நடக்க ஆசைப்படலை சென்செய். ரோட்டைக் கடக்க ஆசைப்படுறாங்க."

"எழுதும்போது நடக்கன்னு எழுதுங்க."

நர்ஸுகள் புத்தித் தெளிவுப் பரிசோதனையைத் தப்பாகச் செய்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். இனி தானே செய்வது என்று மறுநாள் காலை வெள்ளைக் கோட்டுக்குள் டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தார்.

முதல் கட்டிலில் இனாஃபுகு சோபின் இருந்தார். எழுபது வயது. கண்ணாடி அடித்தளப் படகு வைத்துச் சுற்றுலாக்காரர்களுக்குப் பவளப் பாறை காட்டுகிறவர். கிராம சபைக்கு இரண்டு தடவை ஜெயித்து மூன்றாம் தடவை தோற்றவர். அந்தத் தோல்வியை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர். நுரையீரலில் சளி கட்டி, ரத்தம் வரை விஷமேறி, இனி இல்லை என்று இருந்த ஆள் மீண்டு வந்திருந்தார். மூச்சுக் கருவி இப்போது பேருக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாது. தலையைத்தான் ஆட்ட முடியும். பக்கத்தில் அவர் மனைவி தோமி, பார்வையாளர் உடுப்புக்குள் பாதி மறைந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரிசையா எண் சொல்வேன். ஒண்ணுன்னு சொல்றப்ப மட்டும் என் கையை அமுக்கணும்," என்றார் குராமொச்சி.

சோபின் கையைப் பிடித்தார். அப்புறம் விடவே இல்லை. ஒன்றுக்கும் அமுக்கினார், ஏழுக்கும் அமுக்கினார். கையைப் பிடித்து இழுத்துக் கண்ணால் எதையோ சொல்லப் பார்த்தார்.

"கவனம் சிதறுது," என்று குறித்துக்கொண்டார் குராமொச்சி. "சரி. இப்ப நாலு கேள்வி. ஆமான்னா மேலும் கீழும், இல்லைன்னா பக்கவாட்டில. கல் தண்ணியில மிதக்குமா?"

சோபின் குராமொச்சியின் டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு மிகத் தெளிவாக, மேலும் கீழும் தலையை ஆட்டினார்.

"கடல்ல மீன் இருக்கா?"

பக்கவாட்டில் ஆட்டினார்.

ஒரு கிலோ இரண்டு கிலோவைவிடக் கனமா, சுத்தியலால் ஆணி அடிக்கலாமா என்ற இரண்டுக்கும் சரியாகத்தான் பதில் வந்தது. ஆனால் இரண்டு தப்பு இருந்தாலே தடுமாற்றம் என்பது விதி. குராமொச்சி குனிந்து, குழந்தைக்குச் சொல்வதைப் போல, "கல் மூழ்கும், இனாஃபுகு சான். கனமா இருக்கில்ல? அதனால மூழ்கும்," என்றார்.

சோபினின் தலை முன்னைவிட வேகமாக மேலும் கீழும் ஆடியது. மூச்சுக் கருவி அலறியது.

குராமொச்சி தோமியின் பக்கம் திரும்பினார். "அம்மா, வியாதிக்கு முன்னாடியும் இவர் இப்படித்தானா? சொன்னதையே சாதிக்கிறது, எடுத்துச் சொன்னாலும் ஏத்துக்காம இருக்கிறது?"

"நாப்பத்தஞ்சு வருஷமா இப்படித்தான் சென்செய்," என்றாள் தோமி. "இதுக்கு மருந்து இருக்கா?"

குராமொச்சி சிரிக்கவில்லை. தலை தெளிகிறவரை குழாயை எடுக்க வேண்டாம், அதைப் பிடுங்காமலிருக்கக் கையில் பஞ்சு உறையை மாட்டுங்கள், குயில் சத்தத்தை இன்னும் ஒரு படி கூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அடுத்த கட்டிலில் மீன்பிடித் துறைமுகத்துக் கணக்கர். அவரைப் பொறுத்தவரையிலும் கல் மிதந்தது. அதற்கடுத்த பூக்கடை அம்மாளுக்கும் மிதந்தது.

வராந்தாவில் யோனாமினே அவரைப் பிடித்துக்கொண்டாள். "சென்செய், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கடியில எரிமலை வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப டோக்கியோவில இருந்தீங்க. அந்த நுரைக்கல்லு அத்தனையும் மிதந்து மிதந்து எங்க கரையில வந்து அடைஞ்சுது. துறைமுகத்துல தண்ணியே தெரியலை, சாம்பல் கலர்ல நடந்து போகலாம் போல இருந்துச்சு. படகு என்ஜின் எல்லாம் கல்லை உறிஞ்சி நாசமாப் போச்சு. ஃபெர்ரி நின்னு போச்சு. மீன் கூண்டுல மீன் கல்லைத் தின்னு செத்துச்சு. இங்க யாரைக் கேட்டாலும் கல் மிதக்கும்னுதான் சொல்வாங்க. அவங்க தலை கெட்டுப் போகலை."

"இனாஃபுகு?"

"அவர்தான் கல் கமிட்டித் தலைவர். டோக்கியோவிலேர்ந்து டை கட்டின அதிகாரி ஒருத்தர் வந்து, 'கல்லுதானே, கொஞ்ச நாள்ல தானா மூழ்கிடும்; கடல்ல மீனும் நிறைய இருக்கு, எங்க ஆய்வு சொல்லுது'ன்னு பேசினார். சோபின் தாத்தா டி.வி.காரங்க முன்னாடி எழுந்து நின்னு, 'கல் மிதக்கும், கடல்ல மீன் இல்லை, என் உயிரே போனாலும் இதை மாத்திச் சொல்ல மாட்டேன்'னு கத்தினார். இப்ப நீங்க டை கட்டிட்டு வந்து அதே ரெண்டு கேள்வியைக் கேக்குறீங்க. வேற கேள்வி கேளுங்க சென்செய். இலை மிதக்குமான்னு கேளுங்களேன்."

குராமொச்சி பொறுமையாக விளக்கினார். கேள்விகளை டோக்கியோ ஆராய்ச்சிக் கமிட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. கல்லை இலையாக்க வேண்டுமென்றால் மறுபடி கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூட வசந்தம் வந்துவிடும். தவிர, ஆறு ஆஸ்பத்திரியில் ஐந்தில் கல் ஒழுங்காக மூழ்கிக்கொண்டிருக்கும்போது ஒன்றுக்காக விஞ்ஞானத்தை வளைக்க முடியாது.

"வசந்தம் வரைக்கும் அவர் தொண்டையில குழாய் இருக்கணுமா?"

"அவர் பதில்லதான் இருக்கு."

இந்தப் பேச்சு தோமியின் காதுக்கு எப்படியோ போயிற்று. மறுநாள் அவள் குளியலறையில் குதிகால் தேய்க்க வைத்திருந்த நுரைக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நர்ஸிடம் ஒரு பேசின் தண்ணீர் வாங்கினாள். குராமொச்சி வந்து நின்றதும் கல்லைத் தண்ணீரில் விட்டாள். அது மூழ்காமல் வாத்துக் குஞ்சைப் போல ஆடிக்கொண்டு நின்றது. வார்டே எட்டிப் பார்த்தது. சோபின் பஞ்சு உறை போட்ட இரண்டு கைகளையும் உயர்த்தினார், தேர்தலில் ஜெயித்தவரைப் போல.

குராமொச்சி கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"இது கல் இல்லை அம்மா."

"என்ன சென்செய்?"

"இது எரிமலைக் குழம்பு, நுரைச்சு இறுகினது. கண்ணாடி மாதிரி. உள்ளே பூராவும் காற்று. கேள்வியில இருக்கிறது கல்."

"பேர்லயே கல் இருக்கே. நுரைக்கல்."

"நட்சத்திர மீன்லகூடத்தான் மீன் இருக்கு. அது மீனா?"

தோமி கல்லை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாதத்தில் குராமொச்சி ஜெயித்தார். கட்டிலில் இருந்தவரின் குழாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பேராசிரியர் நகர்ந்ததும் தோமி கணவனின் காதருகே குனிந்தாள்.

"மூழ்கும்னு ஒரு தடவை தலையை ஆட்டித் தொலைங்களேன். வீட்டுக்குப் போனதும் உங்க இஷ்டத்துக்கு மிதக்க விடுங்க. யாரு கேக்கப் போறா?"

சோபின் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து வார்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. குராமொச்சி கேள்வியைத் தொடங்கும் முன்னே தலைகள் ஆடத் தயாராக இருந்தன. துறைமுகக் கணக்கர் கல்லுக்குப் பக்கவாட்டில் ஆட்டினார், மீனுக்கு மேலும் கீழும் ஆட்டினார், ஆட்டிவிட்டு மேற்கொண்டு ஏதாவது உண்டா என்பதைப் போலப் பார்த்தார். குழாய் எடுத்திருந்த பூக்கடை அம்மாள் குராமொச்சி வாயைத் திறப்பதற்குள், "மூழ்கும், இருக்கு, இல்லை, அடிக்கலாம்," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அசாத்தியமான தெளிவு," என்று குராமொச்சி மெய்சிலிர்த்தார். "கேள்வியை முன்கூட்டியே ஊகிக்கிறாங்க. காடு வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு."

"ஆமா சென்செய்," என்றாள் யோனாமினே.

பஞ்சு உறைகள் கழன்றன. குழாய்கள் வெளியே வந்தன. எழுந்து உட்கார்ந்தார்கள், கஞ்சி குடித்தார்கள், சாதாரண வார்டுக்குப் போனார்கள். முதல் கட்டில் மட்டும் அசையவில்லை. சோபினின் கால்கள் குச்சியாக இளைத்துக்கொண்டிருந்தன. குழாய் இருக்க இருக்க நுரையீரலுக்கு மறுபடி கிருமி பிடிக்கும் என்பது யோனாமினேக்குத் தெரியும், குராமொச்சிக்கும் தெரியும். ஒரு நாள் அவள் சொன்னாள்:

"சென்செய், தாய்மொழியில கேக்கலாம்னு உங்க திட்டத்துலயே இருக்கு. தாத்தாவுக்கு வீட்டுப் பேச்சு இந்தக் கரையோட பழைய பேச்சு. நான் அதுல கேக்கட்டுமா?"

திட்டத்தில் இருந்தால் குராமொச்சிக்கு எதுவும் சம்மதம். அந்தப் பேச்சு அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. கல் என்ற சொல்லை மட்டும் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொண்டார், சரிபார்ப்பதற்கு.

யோனாமினே கட்டிலருகே போய், உரத்த குரலில், அவள் ஊர்ப் பேச்சில் கேட்டது இது: "தாத்தா, உங்க குடும்பக் கல்லறை வாசலை அடைச்சிருக்கிற கல்லு இருக்கே, உங்க அப்பாவும் சித்தப்பாமாரும் நாலு பேர் சேர்ந்து நகர்த்தினது, அது மிதக்குமா?"

சோபின் திடுக்கிட்டார். இது என்ன பைத்தியக்காரக் கேள்வி என்று அவளைப் பார்த்தார். பிறகு பலமாக, பக்கவாட்டில், தலையை ஆட்டினார்.

குராமொச்சி மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"இத்தோமான்ல இருக்கிற உங்க மச்சான் எப்பப் பார்த்தாலும் பீத்திக்கிறாரே, அவங்க தெற்குக் கடல்ல மீன் இருக்கா?"

சோபினின் முகம் சுருங்கியது. மச்சானைப் பற்றிய எந்த உண்மையும் அவருக்குக் கசப்பு. நேரமெடுத்து, வேண்டா வெறுப்பாக, மேலும் கீழும் ஒரு தடவை ஆட்டினார்.

"வந்துடுச்சு!" என்று குராமொச்சி கத்தினார். கண்ணில் நிஜமாகவே நீர் தளும்பியது. "யோனாமினே சான், பாத்தீங்களா? புத்தி திரும்பி வந்துடுச்சு. இவ்வளவு கடினமான நோயாளிகூட!" தோமி முகமூடிக்கு மேலே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளும் அழுகிறாள் என்று நினைத்து, அவள் தோளை ஆறுதலாகத் தொட்டார்.

அன்றைக்கே குழாயை எடுத்தார்கள். சோபின் இருமினார், துப்பினார், தண்ணீருக்குச் சைகை காட்டினார். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தார்கள். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரம்பத்தால் மரத்தை அறுப்பதைப் போன்ற குரலில் அவர் முதலில் சொன்னது:

"அந்தப் பறவையைச் சுடுங்க."

"என்ன சொல்றார்?" என்றார் குராமொச்சி.

"கண்ணை மூடினா குக்கூங்குது. செத்துட்டேன்னு நினைச்சேன். செத்து பெரிய தீவுக்குப் போய்ட்டேன்னு நினைச்சேன். சொர்க்கத்துல எதுக்குடா டிராஃபிக்குன்னு..." இருமல் வந்து மறித்தது. "நடுவுல எவனோ ஒருத்தன் செருமிக்கிட்டே இருக்கான். அவனையும் சேத்துச் சுடுங்க."

குராமொச்சி கையடக்கக் கணினியில் ஆர்வமாகக் குறித்துக்கொண்டார்: காட்டின் ஓசை நோயாளியின் ஆழ்மனம் வரை சென்றிருக்கிறது.

அதன் பிறகு அவருடைய ஆஸ்பத்திரியின் கணக்கு ஏறிய வேகத்தை அவராலேயே நம்ப முடியவில்லை. கேள்விகளுக்குப் பதில் மட்டுமல்ல, உண்மையாகவே நோயாளிகள் தேறினார்கள். நன்றாகத் தூங்கினார்கள், கட்டிலிலிருந்து விழுவது நின்றது, பிழைத்து வீடு போனவர்கள் கூடினார்கள். ஆறாவது ஆஸ்பத்திரி மற்ற ஐந்தையும் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போயிற்று. டோக்கியோவில் எதிரிகள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஐ.சி.யூ. டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பரிசு என்று கடிதம் வந்தது, அதற்குப் பின்னாலேயே டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நாற்காலி தருவதாகவும் செய்தி வந்தது.

பிரிவு விருந்தை நாகோவில் ஒரு சின்ன குடிக்கடையில் வைத்தார்கள். பாகற்காய் வறுவலும் ஆட்டுச் சூப்பும் வந்தன. அவாமோரி சாராயம் ஓடியது. குராமொச்சி எழுந்து நின்று காட்டுக்கு நன்றி சொன்னார், ஓடைக்கு நன்றி சொன்னார், குயிலுக்கு நன்றி சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நர்ஸுகள் பாகற்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் யோனாமினே அவர் கோப்பையை நிரப்பினாள்.

"சென்செய், போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். சோபின் தாத்தா பேசின அன்னிக்கு மத்தியானமே ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிட்டோம்."

குராமொச்சி சிரித்தார். "தினம் நான் கேட்டேனே."

"உங்க காதுக்குள்ள ஓடிட்டிருந்திருக்கும். வார்டுல ஓடலை. எல்லாரும் நிம்மதியாத் தூங்கினாங்க. அந்த நாலு கேள்விக்கும் பதிலை வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் முன்னாடியே சொல்லிக் குடுத்தோம். தாத்தாகிட்ட நான் கேட்டது கல்லறைக் கல்லை."

சிரிப்பு அவர் முகத்திலேயே தங்கிவிட்டது, எடுத்துப்போக ஆளில்லாததைப் போல. எதிரே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் கடைசியில்.

"எல்லாருக்கும். உங்களுக்கு மட்டும் இன்னிக்கு."

"இது... இது மோசடி, யோனாமினே சான். நீங்க ஆராய்ச்சியையே..."

"ஆமா, மோசடிதான். பொய் சொன்னோம். எங்க பொய்யில மனுஷங்க குழாய் இல்லாம வீட்டுக்குப் போனாங்க. கூட்டத்துல மேடையில நின்னு என்ன சொல்லப் போறீங்கன்னு நீங்கதான் பாத்துக்கணும். சூப் ஆறுது சென்செய், குடிங்க."

அவர் குடிக்கவில்லை. வீட்டுக்கு நடந்தே போனார். அதற்கடுத்த நாட்களில் ஆராய்ச்சிக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார், முதல் வரியிலேயே நின்றார். ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் தேறினார்கள் என்று எழுதுவதா? அப்படியென்றால் அமைதிதான் மருந்து, வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிடும். அதில் குராமொச்சி எங்கே இருக்கிறார்? ஆனால் விளக்குப் பலகை எரிந்துகொண்டுதானே இருந்தது. விளக்குக்கும் பங்கு இருக்கலாம் அல்லவா? நோயாளிகள் பிழைத்தது பொய்யில்லையே. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டினார். கடிதம் பெட்டிக்குள் போகவில்லை.

கூட்டத்தில் பேசும்போது திரையில் முதல் படம் விழுந்ததுமே குரல் நடுங்கியது. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று முன்வரிசையில் தலையாட்டினார்கள். அது அவருக்குத் தெம்பாக இருந்தது. மீதியைத் தடங்கலின்றிச் சொல்லி முடித்தார். கேள்வி நேரத்தில் ஹொக்கைடோவிலிருந்து வந்த வயதான பெண் டாக்டர் ஒருத்தி எழுந்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம். உங்க வரைபடத்துல நாகோ ஆஸ்பத்திரிக் கோடு நடுவுல திடீர்னு திரும்புது. அந்தச் சமயத்துல என்ன மாத்தினீங்க?"

குராமொச்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நிஜமாகவே வாய் வரைக்கும் வந்தது.

"எதையும் மாத்தலை," என்றார். "என்ன எதிர்ப்பு வந்தாலும் மாத்தாம இருந்தோம். அதுதான் காரணம்."

கைதட்டல் எழுந்தது. அந்த டாக்டர் மட்டும் கைதட்டாமல், நின்ற வாக்கில் இன்னும் சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். குராமொச்சி நாலாபுறமும் குனிந்து வணங்கினார்.

நாகோவுக்குப் புதிய தலைவர் வந்தார், இளைஞர், மரியாதையான பேச்சு. முதல் சுற்றிலேயே கூரையைப் பார்த்து, "இது பரிசு வாங்கின பலகைதானே? ஏன் சத்தம் வரலை?" என்று கேட்டார்.

"ரிப்பேர் சென்செய்," என்றாள் யோனாமினே.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கு அவருடைய ஆராய்ச்சி இருந்தது. கொண்டுவந்த பெட்டியைத் திறந்து காட்டினார். வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பிகள், லாவண்டர் எண்ணெய். நோயாளிகளின் தலையணையில் காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக விட வேண்டுமாம்.

யோனாமினே ஒரு குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஊரில் எல்லார் வீட்டுக் கழிவறையிலும் வைக்கிற வாசனைப் புட்டியின் அதே மணம். முகத்தில் ஒரு தசை அசையாமல், "ரொம்ப நல்லா இருக்கு சென்செய்," என்றாள்.